சாவி யாரிடம்? பலர் சேர்ந்து எழுதும் தளத்துக்கு எந்தக் கட்டற்ற மென்பொருள்

தி.நகர் நடேசன் பூங்காவில் ஞாயிறு காலை கூடும் வாசகர் குழு ஒன்று எனக்குப் பழக்கம். பன்னிரண்டு பேர், பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள். போன மாதம் கூட்டம் முடிந்து காபிக்கு நின்றபோது, வங்கியில் வேலைபார்த்த பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஃபேஸ்புக்குல பத்து வருஷம் எழுதினேன். இப்ப தேடினா ஒண்ணும் கிடைக்கல. நாங்க எல்லாரும் எழுத சொந்தமா ஒரு இடம் வேணும். எதைப் போடலாம், சொல்லுங்க."

அதே வாரம் இதே கேள்வி இன்னும் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு கல்லூரித் தமிழ்த்துறை, இருநூறு மாணவர்களுக்கு ஆளுக்கொரு வலைப்பூ கொடுக்க நினைக்கிறது. சூழலியலும் சினிமாவும் எழுதும் ஆறு நண்பர்கள் இணைய இதழ் தொடங்கப் போகிறார்கள். மூன்று தரப்பும் கையில் ஒரே மென்பொருள் பட்டியலோடு வந்தன: வேர்ட்பிரஸ், கோஸ்ட், ரைட்ஃப்ரீலி, ட்ரூபல். "இதுல எது பெஸ்ட்?"

சர்வர்களோடு மல்லுக்கட்டிச் சம்பாதிப்பவன் நான். மூவருக்கும் ஒரே பெயரைச் சொல்லிவிட்டால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் அந்தப் பதில் இரண்டு பேருக்காவது தப்பாகப் போகும்.

## முதலில் எதை வைத்து அளப்பது

ஒரே பத்திரிகையா, பல போர்ஷனா? திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பக்கம் பழைய ஸ்டோர் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். வாசல் ஒன்று, கிணறு ஒன்று, உள்ளே ஏழெட்டு போர்ஷன். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனிச் சமையல், தனிப் பூட்டு. சில குழுக்களுக்கு வேண்டியது அதுதான்: ஆளுக்கொரு முகவரி, ஆளுக்கொரு முகப்பு. வேறு சில குழுக்கள் தமக்கும் அதுதான் வேண்டும் என்று சொல்லும். விசாரித்தால் அவர்களுக்கு வேண்டியது ஒரே கூடம். கட்டுரைக்கு மேலே எழுதியவர் பெயர் இருந்தால் போதும். இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தாலே பட்டியலில் பாதி கழிந்துவிடும்.

சாவி யாரிடம்? மென்பொருள் இலவசம்தான். மாதம் மூன்று நான்கு மணி நேரம் ஒருவர் உட்கார்ந்து அப்டேட் போட வேண்டும், பேக்கப் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், குப்பையைக் கூட்ட வேண்டும். அந்த ஒருவர் யார்? அவர் ஊரை விட்டுப் போனால் அடுத்தவர் யார்? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் துடிப்பான மூன்றாமாண்டு மாணவர் எல்லாவற்றையும் தன் பேரிலேயே வாங்கினார்: டொமைன் என்ற தளப்பெயர், சர்வர், அட்மின் கடவுச்சொல். வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டார். டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லும் மடல்கள் அவர் திறந்தே பார்க்காத பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. என்னைக் கூப்பிட்டபோது அந்தப் பெயரில் சூதாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நானூறு மாணவர் பதிவுகளில் ஒன்றைக்கூட மீட்க முடியவில்லை. தளம் ஓடியது வேர்ட்பிரஸில். அந்த இழப்பில் வேர்ட்பிரஸுக்கு எந்தப் பங்கும் இல்லை.

தமிழை எப்படி நடத்துகிறது? காட்டுவதில் இன்று எதற்கும் சிக்கல் இல்லை. திஸ்கி, தாப் என்று ஆளுக்கொரு குறியாக்கம் வைத்துக்கொண்டு அல்லாடிய காலம் யூனிகோடு வந்ததும் முடிந்தது. மிச்சமிருப்பது இரண்டு தொல்லை. ஒன்று பதிவின் முகவரி. அதை வேர்ட்பிரஸ் பகுதியில் சொல்கிறேன். மற்றது தேடல். "மரம்" என்று தேடினால் "மரத்தில்", "மரத்தடி" வராது. இந்த நான்கில் எதுவும் தமிழின் வேற்றுமை உருபை அறிந்து தேடாது. அதனால் தேடலை வைத்து ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்த வேண்டாம். குறிச்சொற்களை ஒழுங்காகப் போடப் பழகுங்கள்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே போக முடியுமா? எழுதியவர் தன் எழுத்தை மூட்டை கட்டி எடுத்துப்போகும் வசதி. குழு உடையும்போதுதான் இதன் அருமை தெரியும். குழுக்கள் உடையும்.

உரிமம். 2004-இல் மூவபிள் டைப் என்ற வலைப்பதிவு மென்பொருள் தன் மூன்றாம் பதிப்பில் உரிம விதியையும் கட்டணத்தையும் மாற்றியது. அதில் பல வலைப்பூ நடத்தியவர்கள் கொதித்துப்போய் அப்போது ஒரு வயதே ஆகியிருந்த வேர்ட்பிரஸுக்கு மாறினார்கள். இங்கே பார்க்கும் நான்குமே கட்டற்ற உரிமத்தில், அதாவது யாரும் பயன்படுத்தலாம், நகலெடுக்கலாம், மாற்றலாம் என்ற உரிமத்தில் வருபவை. நடத்துபவர்கள் நாளை மனம் மாறினாலும் இன்றைய பதிப்பு நம் கையில் இருக்கும்.

பணத்தைத் தனியாகப் பேசலாம். சர்வர் வாடகை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் ஒளிந்திருப்பது வேறு இடங்களில்.

## வேர்ட்பிரஸ், ஒரே தளமாக

பலரும் தாண்டிப் போய்விடும் வழி இது. "பலர் எழுதும் தளம்" என்றதும், ஒரே நிறுவலில் பல வலைப்பூ வைக்கும் மல்டிசைட் வசதியைத் தேடுகிறார்கள். சாதாரண வேர்ட்பிரஸிலேயே எத்தனை பேரை வேண்டுமானாலும் எழுத்தாளராகச் சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் அவர் எழுதியதை மட்டும் காட்டும் பக்கமும், புதுப் பதிவுகளைப் பின்தொடர உதவும் ஓடையும் தானாகவே வரும்.

பங்களிப்பாளர், எழுத்தாளர், ஆசிரியர், நிர்வாகி என்று படிநிலை உண்டு. பங்களிப்பாளர் எழுதி வைக்கலாம், வெளியிட முடியாது. இதில் ஒரு முள் இருக்கிறது: பங்களிப்பாளரால் படம் ஏற்ற முடியாது. பூங்காக் குழுவில் இதைச் சோதித்த முதல் நாளே "என் பேத்தி வரைஞ்ச படம் போக மாட்டேங்குது" என்று போன் வந்தது. எழுத்தாளர் நிலைக்கு உயர்த்தினேன். அப்படிச் செய்தால் அவர் யாரையும் கேட்காமல் வெளியிடவும் முடியும். உங்கள் குழுவில் அந்த நம்பிக்கை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முகவரி விஷயம் இப்போது. தமிழில் தலைப்பு வைத்தால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்குகிறது, ஆனால் சதவீதக் குறி போட்ட சங்கேத வடிவில் சேமிக்கிறது. அந்த வடிவில் ஒரு தமிழ்க் குறிக்கு 9 இடம் வேண்டும். 'கி' என்றால் ககரத்துக்கு 9, இகரக் கொக்கிக்கு 9. முகவரிக்கு ஒதுக்கியிருப்பதோ மொத்தம் 200 இடம். "சென்னையில் மழைநீர் வடிகால்" என்று தலைப்பு வையுங்கள்: "சென்னையில்-மழைநீர்-வடிகா" என்று நின்றுவிடும். வடிகாலே பாதியில் அடைபட்ட கதை. அதை வாட்ஸாப்பில் பகிர்ந்தால் நான்கு வரிக்கு சதவீதக் குறிப் பாம்பு நெளியும். வெளியிடும் முன் முகவரியைச் சின்னதாகத் திருத்திவிடுவதே வழி. பன்னிரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். இருநூறு பேருக்கு முடியாது. அங்கே தேதியையும் பதிவு எண்ணையும் வைத்து முகவரி அமைத்துவிடுங்கள்.

பராமரிப்பில் வேர்ட்பிரஸுக்கு ஒரு பெரிய பலம். 2013 அக்டோபரில் வந்த 3.7 பதிப்பிலிருந்து சிறு பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே போட்டுக்கொள்கிறது. நிர்வாகி திருப்பதி போயிருந்தாலும் ஓட்டை அடைபடும். ஆபத்து பெரும்பாலும் பிளகின்கள், அதாவது கூடுதல் வசதிக்காகச் செருகும் துணை நிரல்கள் வழியாகத்தான் வரும். "இது அழகா இருக்கு" என்று ஆளாளுக்கு ஒன்று கேட்பார்கள். ஏழுக்கு மேல் போகாதீர்கள் என்பது என் சொந்தக் கணக்கு. அதற்குச் சாஸ்திரம் ஒன்றும் இல்லை.

தமிழ் மொழிப்பொதி உண்டு. போனில் எழுத செயலி உண்டு. கீபோர்டில் தட்ட மாட்டேன், பேசித்தான் எழுதுவேன் என்பவர்களுக்கு அது பெரிய வசதி.

இது பொருந்துவது: இருபது முப்பது பேருக்குள், ஒரே முகப்பு போதும், கணினியோடு அதிகம் பழகாதவர்களும் எழுத வேண்டும் என்ற குழுவுக்கு.

## வேர்ட்பிரஸ் மல்டிசைட்

இதுதான் ஸ்டோர் வீடு. முன்பு வேர்ட்பிரஸ் எம்யூ என்று தனியாக இருந்தது. 2010 ஜூனில் வந்த 3.0 பதிப்பில் மூல மென்பொருளோடு சேர்த்துவிட்டார்கள். அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் திறந்துகொள்ளும். அந்த ஒரு வரிதான் ஆளை ஏமாற்றுகிறது. திறப்பது சுலபம்.

திறந்ததும் கேட்கும்: ஒவ்வொருவருக்கும் துணை டொமைனா, துணை அடைவா? துணை டொமைன் பார்க்க அழகு, தளப்பெயருக்கு முன்னால் அவர் பெயர் வரும்; துணை அடைவில் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும். துணை டொமைனுக்கு எல்லாத் துணைப் பெயரையும் பிடிக்கும் பொது டிஎன்எஸ் பதிவு (பெயரைச் சர்வரோடு இணைக்கும் குறிப்பு) வேண்டும், எல்லாவற்றையும் மூடும் ஒரே பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2018 மார்ச் முதல் அதை இலவசமாகத் தருகிறது. ஆனால் டிஎன்எஸ் வழியாக உரிமையை நிரூபித்தால்தான் தரும். புதுப்பிப்பைத் தானியங்கியாக்காமல் விட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருநூறு வலைப்பூவும் சேர்ந்து சிவப்பு எச்சரிக்கை காட்டும். துணை அடைவில் இந்தத் தலைவலி இல்லை. இன்னொன்று, ஏற்கெனவே ஒரு மாதத்துக்கு மேல் ஓடும் தளத்தை மல்டிசைட்டாக மாற்றப்போனால் துணை அடைவு வழியை அது எளிதில் தராது. ஆரம்பத்திலேயே முடிவெடுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் செலவு புரியும். பயனர் பட்டியல் எல்லாருக்கும் ஒன்று. ஆனால் ஒவ்வொரு புது வலைப்பூவுக்கும் தரவுத்தளத்தில் 10 அட்டவணை முளைக்கும். இருநூறு மாணவர் என்றால் இரண்டாயிரம் அட்டவணை. அடுத்த ஆண்டு இன்னொரு இருநூறு பேர். வேகம் குறைவதற்கு முன்பே பேக்கப் எடுப்பது இழுக்க ஆரம்பிக்கும்.

பிளகினும், தோற்றத்தை மாற்றும் தீமும் நிறுவும் அதிகாரம் தலைமை நிர்வாகிக்கு மட்டும். போர்ஷன்காரர் அவர் அனுமதித்ததை இயக்கலாம், அணைக்கலாம். இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு நிறையாகப் படுகிறது. அதேபோல, தன் பக்கத்தில் வேறு தளத்தின் படிவத்தையோ நிரல் துண்டையோ ஒட்டினால் வலைப்பூ நிர்வாகிக்கு அது அழிந்துபோகும். தலைமை நிர்வாகிக்கு மட்டும் நிற்கும். "சார், நான் போட்ட ஃபார்ம் காணோம்" என்று கேட்டால் இதுதான் காரணம்.

வெளியேறுவது பாதி சுலபம். ஒவ்வொருவரும் தன் பதிவுகளை ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அந்தக் கோப்பில் எழுத்து மட்டும் இருக்கும், படங்களின் முகவரிகள் இருக்கும், படங்கள் இருக்காது. புது இடத்தில் ஏற்றும்போது பழைய தளத்திலிருந்து படங்களை இழுத்துக்கொள்ளும். பழைய தளம் அதற்குள் மூடியிருந்தால் போயிற்று.

திறந்த பதிவை மட்டும் இயக்கிவிடாதீர்கள். யார் வேண்டுமானாலும் வலைப்பூ தொடங்கலாம் என்று விட்டால் ஒரே வாரத்தில் மாத்திரை விற்பவர்கள் முப்பது போர்ஷன் பிடித்துவிடுவார்கள்.

இது பொருந்துவது: ஆளுக்கொரு வலைப்பூ நிஜமாகவே தேவை, சம்பளத்துக்கோ பொறுப்பின் பேரிலோ ஒரு நிர்வாகி நிரந்தரமாக இருக்கிறார் என்ற இடத்துக்கு.

## கோஸ்ட்

வேர்ட்பிரஸின் இடைமுகக் குழுவில் இருந்த ஜான் ஓநோலன், ஹன்னா வுல்ஃபோடு சேர்ந்து 2013-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் பணம் திரட்டித் தொடங்கியது. லாபநோக்கற்ற அறக்கட்டளை நடத்துகிறது. எழுதும் பக்கம் வெள்ளைத் தாள் போல இருக்கும். சுற்றிலும் இருபது பொத்தான் கண்ணைக் குத்தாது.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். கோஸ்ட் ஒரு நிறுவலுக்கு ஒரு பத்திரிகை. எழுத்தாளர் எத்தனை பேரானாலும் சேர்க்கலாம், ஒரு கட்டுரைக்கு இரண்டு மூன்று பேரின் பெயரைப் போடலாம், எழுத்தாளருக்குத் தனிப் பக்கமும் உண்டு. போர்ஷன் கிடையாது. ஆளுக்கொரு கோஸ்ட் வேண்டுமென்றால் ஆளுக்கொரு நிறுவல், ஆளுக்கொரு அப்டேட்.

நோட் ஜேஎஸ் என்ற நிரல் மேடையில் ஓடுவதால், பிஎச்பி நிரலை மட்டும் ஓட்டும், பல தளங்கள் ஒரே சர்வரைப் பங்கிடும் மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் வைக்க முடியாது. குறைந்தது 1 ஜிபி நினைவகமுள்ள தனி சர்வர், உபுண்டு இயங்குதளம், மைசீக்வல் 8 தரவுத்தளம். கட்டளைத் திரையைப் பார்த்துப் பயப்படாத ஒருவர் குழுவில் இருக்க வேண்டும்.

அதன் உயிர்நாடி மடல். கட்டுரையை வெளியிடும்போதே சந்தாதாரர் அனைவருக்கும் மின்னஞ்சலாக அனுப்பும். வாசகர் உங்களைத் தேடி வர வேண்டியதில்லை. ஆனால் சொந்தமாக நிறுவிய கோஸ்ட், மொத்த மடலை மெயில்கன் என்ற ஒரே சேவை வழியாகத்தான் அனுப்பும். வேறொன்றைச் செருக இடமில்லை. சந்தா கூடக் கூட அந்தக் கட்டணமும் கூடும். மென்பொருள் கட்டற்றது, தபால்காரர் ஒருவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வாங்கும் வசதி இதைவிட நெருடல். உள்ளிருக்கும் கட்டண வழி ஸ்ட்ரைப் என்ற பணப்பரிமாற்றச் சேவை ஒன்றோடுதான் பேசும். ஆறு நண்பர்கள் சேர்ந்து நடத்தும், பதிவுகூடச் செய்யாத குழுவுக்கு அது இங்கே சுலபமில்லை. வாசகர் கையில் இருப்பது யூபிஐ. ஆகவே "சந்தா வைத்துச் சம்பாதிக்கலாம்" என்ற கணக்கை ஆரம்பத்தில் ஓரமாக வைத்துவிட்டு, யூபிஐ எண்ணை ஒரு பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

தமிழ்த் தலைப்பை கோஸ்ட் ரோமன் எழுத்தாக்கி முகவரியில் வைக்கும். அந்தப் பெயர்ப்பைப் பார்த்தால் தமிழாசிரியர் மயங்கி விழுவார், ஆனால் முகவரி உடையாது. கையால் திருத்தலாம்.

இது பொருந்துவது: ஆசிரியர் குழு, வெளியீட்டு நாள், சந்தாதாரர் என்று பத்திரிகையாகவே யோசிப்பவர்களுக்கு.

## ரைட்ஃப்ரீலி

ஸ்டோர் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் மேன்ஷன் அறை இது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல்.

2018 இறுதியில் வெளிவந்தது, கோ என்ற நிரல் மொழியில் எழுதியது. ஒரே இயங்கு கோப்பு. தரவுக்கு எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பு ஒன்றே போதும். பேக்கப் என்பது சில கோப்புகளை நகலெடுப்பது. ஒரே நிறுவலில் பலர், ஒவ்வொருவருக்கும் தனி வலைப்பூ, அழைப்பு இருந்தால்தான் சேர முடியும் என்ற கட்டுப்பாடு, எல்லாருடைய புதுப் பதிவும் ஒரே பக்கத்தில் தெரியும் பொது ஓடை. மல்டிசைட்டில் ஒரு வாரம் உருட்டிச் செய்வதை இதில் ஒரு மாலையில் முடித்தேன். தளங்கள் ஒன்றோடொன்று பேசும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை தெரியும் என்பதால் மாஸ்டடன் சமூக வலைத்தளத்தில் இருப்பவர்கள் அங்கிருந்தே ஒரு வலைப்பூவைப் பின்தொடரலாம்.

இல்லாதவற்றின் பட்டியலைச் சேர்த்துப் படியுங்கள். கருத்துரை இல்லை. படம் ஏற்றும் வசதி இல்லை. வேறெங்கோ ஏற்றி முகவரியை ஒட்ட வேண்டும். தலைப்பு, தடித்த எழுத்தெல்லாம் மார்க்டவுன் என்ற குறியீட்டு முறையில். பூங்காப் பெரியவருக்குக் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தார். "பேத்தி படத்தை எங்க போடறது?" என்றார். அவர் விஷயத்தில் அத்தோடு முடிந்தது.

அதே இல்லாமையே கல்லூரியில் பலமாகலாம். கருத்துரை இல்லையென்றால் கருத்துரைச் சண்டையும் ஸ்பேமும் இல்லை. மாணவர் படிப்பு முடித்துப் போகும்போது தன் பதிவுகளைத் தானே எழுத்துக் கோப்புகளாக இறக்கிக்கொள்ளலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம். இந்த நான்கில் வெளியேறும் கதவு அகலமாக இருப்பது இங்கேதான். இதை உருவாக்குபவர்கள் சிறு குழு, புதுப் பதிப்பு மெதுவாகத்தான் வரும்.

## ட்ரூபல்

சுருக்கமாக முடிக்கிறேன். 2001 முதல் இருக்கும் மூத்தது. யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்று நுணுக்கமாகப் பிரிக்க இதற்கு இணையில்லை. பழைய பதிப்புகளில் பலர் எழுதும் வலைப்பூ வசதி உள்ளேயே இருந்தது. எட்டாம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். இப்போது நாமே கட்ட வேண்டும். காலி மனை கொடுத்து இன்ஜினீயரைக் கூட்டிவா என்கிறது.

நான் தயங்குவதற்குக் காரணம் வேறு. 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7-இல் பெரிய ஓட்டை ஒன்றை அறிவித்துத் திருத்தமும் தந்தார்கள். இரண்டு வாரம் கழித்து அவர்களே சொன்னது: அறிவித்த 7 மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத ஒவ்வொரு தளமும் பறிபோனதாகக் கருதிக்கொள்ளுங்கள். நம் நேரத்தில் அந்தக் கெடு 16-ஆம் தேதி விடிகாலை 4.30. சென்னையில் அந்த இரவு எத்தனை தன்னார்வ நிர்வாகிகள் விழித்திருப்பார்கள்? மூல மென்பொருளுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் இன்றும் வழக்கமாக மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை, நமக்கு ராத்திரி நேரத்தில்தான் வருகின்றன. சம்பளம் வாங்கும் ஆள் இருந்தால் ட்ரூபல். இல்லையென்றால் வேண்டாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வேர்ட்பிரஸ் (ஒரே தளம்) | மல்டிசைட் | கோஸ்ட் | ரைட்ஃப்ரீலி | ட்ரூபல் |
|---|---|---|---|---|---|
| அமைப்பு | ஒரே கூடம், பல பெயர் | ஆளுக்கொரு வலைப்பூ | ஒரே பத்திரிகை | ஆளுக்கொரு வலைப்பூ | கட்டுவதைப் பொறுத்து |
| ஓட இடம் | பகிர்வு ஹோஸ்டிங்கே போதும் | தனி சர்வர் நல்லது | தனி சர்வர், 1 ஜிபி | மிகச் சிறிய சர்வர் | தனி சர்வர் |
| படம் ஏற்றல் | உண்டு | உண்டு | உண்டு | இல்லை | உண்டு |
| கருத்துரை | உண்டு | உண்டு | உறுப்பினருக்கு | இல்லை | உண்டு |
| சந்தா மடல் | பிளகின் வேண்டும் | பிளகின் வேண்டும் | உள்ளேயே | பதிப்பைப் பொறுத்து | கூடுதல் தொகுதி |
| எழுத்தை எடுத்துப்போவது | நிர்வாகி எடுத்துத் தர வேண்டும் | அவரவர், படம் நீங்கலாக | நிர்வாகி எடுத்துத் தர வேண்டும் | அவரவரே | கடினம் |
| பராமரிப்பு | குறைவு | அதிகம் | நடுத்தரம் | மிகக் குறைவு | மிக அதிகம் |
| உரிமம் | ஜிபிஎல் | ஜிபிஎல் | எம்ஐடி | ஏஜிபிஎல் | ஜிபிஎல் |

இதில் இல்லாத சில பெயர்களையும் கேட்டார்கள். லைவ்ஜர்னல் என்ற பழைய வலைப்பதிவுத் தளத்தின் நிரலிலிருந்து பிரிந்த ட்ரீம்வித்தும் திறந்த மூலம்தான். யார் எந்தப் பதிவைப் படிக்கலாம் என்று நண்பர் வட்டம் பிரிப்பதில் அதன் பரம்பரை அபாரமானது. ஆனால் அந்தப் பெர்ல் நிரலைச் சொந்தமாக நிறுவி ஓட்ட நல்ல அனுபவம் வேண்டும். எல்க் என்பது சமூக வலைத்தளம் கட்டும் கருவி, வலைப்பூ அதில் ஒரு மூலை. ஹியூகோ போன்ற நிலைப்பக்கக் கருவிகள் தனி ஆளுக்கு அருமை; பன்னிரண்டு பேருக்கு கிட் (கோப்பு மாற்றங்களைக் கையாளும் கருவி) சொல்லிக்கொடுக்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால் என் வணக்கங்கள்.

## பில்லில் வராத செலவு

1 ஜிபி சர்வர் மாதம் 5, 6 டாலரில் கிடைக்கும். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, கார்டு நின்றுபோவது. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிக் கட்டண விதி நடைமுறைக்கு வந்ததும், வெளிநாட்டு நிறுவனங்கள் பலவற்றில் நம் கார்டிலிருந்து மாதாமாதம் தானாகக் கழிவது நின்றது. நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தளத்தில் மூன்று நினைவூட்டலை யாரும் படிக்கவில்லை, சர்வரை அணைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு முன்பணம் கட்டி வைக்கும் இடத்தையே தேடுகிறேன்.

மின்னஞ்சல் இரண்டாவது. கடவுச்சொல் மறந்தவருக்கு மடல் போக வேண்டும். மலிவு சர்வர்கள் பலவற்றில் மடல் அனுப்பும் 25-ஆம் வாயிலை அடைத்து வைத்திருப்பார்கள். அனுப்பினாலும், 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் அனுப்புநர் சரிபார்ப்பைக் கறாராக்கியிருப்பதால் டிஎன்எஸ்ஸில் அனுப்புநரை உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகள் இல்லாத மடல் வாசகரிடம் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. மடல் அனுப்பத் தனிச் சேவை ஒன்றைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

"வீட்டில் பழைய லேப்டாப் இருக்கு, அதிலேயே ஓட்டலாமே" என்று இதழ் நண்பர்களில் ஒருவர் கேட்டார். அவர் வீடு வேளச்சேரி, தரைத்தளம். 2015 டிசம்பரை நினைவுபடுத்தினேன். வெள்ளத்தை விட்டாலும், வீட்டு பிராட்பேண்டில் பெரும்பாலும் தனிப் பொது இணைய முகவரி (ஐபி) தருவதில்லை. வெளியிலிருந்து உள்ளே வரவே வழி இருக்காது. விபத்து பெரிய இடங்களுக்கும் வரும்: 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஒரு தரவு மையமே எரிந்தது, பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். பேக்கப் வேறு நிறுவனத்தில், வேறு ஊரில்.

கடைசியாகச் சட்டம். பிறர் எழுத இடம் கொடுப்பவரை 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் இடையீட்டாளர் என்கின்றன. குறை கேட்கும் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பு வழியையும் தளத்தில் போட வேண்டும். திறந்த பதிவு வைப்பவர்கள் இதை யார் தலையில் கட்டுவது என்று நிறுவுவதற்கு முன் பேசிக்கொள்ளுங்கள்.

## மூவருக்கும் சொன்னது

பூங்காக் குழுவுக்குச் சாதாரண வேர்ட்பிரஸ், பகிர்வு ஹோஸ்டிங், நான்கு பிளகின். டொமைனை மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினோம். கடவுச்சொற்கள் இரண்டு உறையில்: ஒன்று பொருளாளர் வீட்டு பீரோவில், ஒன்று என்னிடம். பேத்தியின் படம் முகப்பில் இருக்கிறது.

இதழ் நண்பர்களுக்கு கோஸ்ட். அவர்களில் இருவர் மென்பொருள் வேலையில் இருப்பவர்கள், கட்டளைத் திரை பழக்கம். சந்தா ஐநூறைத் தாண்டும்வரை மடல் செலவை மாதாமாதம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கல்லூரிக்கு ரைட்ஃப்ரீலியைச் சொன்னேன். மல்டிசைட்தான் வேண்டும், படம் இல்லாமல் மாணவர்கள் வரமாட்டார்கள் என்கிறார் பேராசிரியை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மல்டிசைட் என்றால் துணை அடைவு முறையில், புதுப் பெயர் வாங்காமல் கல்லூரியின் சொந்த டொமைனுக்குக் கீழேயே வைக்கலாம். கல்லூரி இருக்கும்வரை அந்தப் பெயர் எந்த மாணவரோடும் ஊரை விட்டுப் போகாது. நிர்வாகி யார் என்று துறையிலிருந்து எழுத்தில் ஒரு கடிதம் கேட்டிருக்கிறேன். இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் வரவில்லை. வராமல் நிறுவப்போவதில்லை.